6174: எவ்வழிச் செல்லினும் சென்றடையும் எண்

புசல்லாவை மலைச்சரிவுகளிலே தோன்றும் ஓடைகள் வெவ்வேறு திசைகளில் வளைந்தோடினும், முடிவில் மகாவலி கங்கையிலே கலந்துவிடுகின்றன. எண்களின் உலகிலும் இத்தகைய சங்கமம் ஒன்றுண்டு. அதுவே 6174 என்னும் எண்.

இதனைக் காண்பதற்குப் பெரிய நூல்கள் வேண்டுவதில்லை. கொப்பியும் பென்சிலும் போதும். நான்கு இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணை எடுத்துக்கொள்வோம். நான்கும் ஒரே இலக்கமாய் இருத்தல் மட்டும் ஆகாது. அவ்விலக்கங்களால் ஆகக்கூடிய மிகப் பெரிய எண்ணிலிருந்து மிகச் சிறிய எண்ணைக் கழிப்போம். விடையையும் அவ்வாறே மாற்றியடுக்கிக் கழிப்போம். பூச்சியம் வரின் அதனையும் ஓர் இலக்கமாகவே கொள்ளவேண்டும்.

கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட ஆண்டு 1867. அதனையே எடுத்துக்கொள்வோமாக.

8761 – 1678 = 7083
8730 – 0378 = 8352
8532 – 2358 = 6174

மேலும் தொடர்ந்தால் 7641 – 1467 = 6174 என அதே எண் மீண்டும் வந்து நிற்கும். கணிதமேதை இராமானுஜன் பெயரோடு இணைந்த 1729ஐ எடுத்துக்கொண்டால் ஏழாம் முறையில் 6174 கிடைக்கும். ஏழு முறைக்கு மேல் எந்த எண்ணுக்கும் தேவைப்படுவதில்லை.

இவ்வியல்பைக் கண்டறிந்தவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்லர். மராட்டிய நாட்டுத் தேவ்லாலியில் பாடசாலை ஆசிரியராய்ப் பணியாற்றிய தத்தாத்ரய ராமச்சந்திர கப்ரேக்கர் ஆவார். 1905இல் பிறந்த அவர் 1929இல் இளமாணிப் பட்டம் பெற்றார்; அதற்கு மேற்பட்ட பட்டம் எதுவும் பெற்றாரில்லை. தமது கண்டுபிடிப்பை 1949இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் வெளியிட்டார். அவருடைய ஆராய்ச்சிகளை வெறும் விளையாட்டெனக் கருதிப் பொருட்படுத்தாதோர் பலர். 1975இல் அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் அவரைப்பற்றி எழுதிய பின்னரே உலகம் அவரை அறிந்தது. 1986இல் அவர் மறைந்தார். இன்று 6174 ‘கப்ரேக்கர் மாறிலி’ என வழங்குகின்றது.

இது மாயமோ? அன்று, இடப்பெறுமானத்தின் விளைவே. இறங்கு வரிசையில் அடுக்கிய இலக்கங்களில் முதலுக்கும் கடைக்கும் உள்ள வேறுபாட்டை 999ஆலும், நடுவிரண்டின் வேறுபாட்டை 90ஆலும் பெருக்கிக் கூட்டினால் கழித்தலின் விடை வந்துவிடும். 8761இல் அவ்வேறுபாடுகள் முறையே 7, 1. ஆகவே 6993உம் 90உம் சேர்ந்து 7083 ஆகின்றது. இவ்வாறு வரக்கூடிய விடைகள் 54 மட்டுமே. 0001 போன்றவற்றையும் சேர்த்து 9990 எண்கள் இருப்பினும், முதற் கழித்தலிலேயே அவை யாவும் இந்த 54இனுள் அடங்கிவிடுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாய்ச் சோதித்துவிட்டால் உண்மை நிறுவப்பட்டதாகும். பொறுமையுள்ள மாணவன் ஒரு மாலைப்பொழுதில் இதனை முடித்துவிடலாம்.

பிள்ளை எண்களோடு விளையாடுவதைக் கண்டு, “பாடத்தைப் படி” எனக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதனைச் சிந்தித்தல் நலம். கழித்தல் மட்டுமே அறிந்த சிறுவனும் ‘ஏன்’ எனக் கேட்கத் தொடங்கும்போதே கணிதத்தின் வாயிலில் நிற்கின்றான். அவ்வாயில் நகரத்துப் பெரிய கல்லூரிகளில் மட்டும் அமைந்ததன்று. தோட்டப் பாடசாலையிலும் அது திறந்தே இருக்கின்றது.

மூன்று இலக்க எண்களுக்கும் இத்தகைய எண் ஒன்று உண்டு. அதனைக் கண்டுபிடிக்கும் இன்பத்தை மாணவ நேயர்களுக்கே விட்டுவிடுகின்றோம்.