ஆட்டிசம்: வீட்டிலே தொடரும் பயிற்சி

மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தையைப் பார்த்து, "இவங்க அப்பனும் நாலு வயசுலதான் பேசினான்" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்லுவது காஞ்சிபுரத்தை அடுத்த தாமல் போன்ற ஊர்களில் வழக்கந்தான். ஆயினும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும், வேண்டிய பொருளை விரலால் சுட்டாமலும், ஒரே செய்கையைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டும் இருக்கும் குழந்தையின் விஷயத்தில், அந்த ஆறுதல் அருமையான காலத்தை விரயமாக்கிவிடக் கூடும்.

அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளின் சுபாவத்தை ஆராய்ந்து 1943-ல் விவரித்த ஆட்டிசம், மூளை வளர்ச்சியில் அமையும் ஒரு வேறுபாடேயன்றி, தாயின் வளர்ப்பினாலோ தடுப்பூசியினாலோ விளைவதன்று. அதனை அடியோடு போக்கும் ஔஷதம் இல்லை. தூக்கமின்மை, வலிப்பு முதலிய உடன்வரும் தொல்லைகளுக்கே மருந்து உண்டு. ஆகையால், 'பூரண குணம்' என்று விளம்பரம் செய்வோரை நம்பிப் பணத்தை இழக்க வேண்டியதில்லை. தன் தேவையைத் தெரிவிக்கவும், தன் காரியங்களைத் தானே செய்துகொள்ளவும் குழந்தையைப் பழக்குவதே சிகிச்சையின் லட்சியம்.

பேச்சுப் பயிற்சியும், உண்ணுதல் உடுத்தல் ஆகியவற்றைக் கற்பிக்கும் செயல்முறைப் பயிற்சியும், சிறப்புக் கல்வியும் இதற்கு உதவுகின்றன. பேச்சு வராவிடினும் உபாயம் உண்டு: சொம்பின் படம் உள்ள அட்டையைக் குழந்தை தாயின் கையில் கொடுத்தால், அவள் "தண்ணி" என்று சொல்லிக்கொண்டே சொம்பை நீட்டுவாள். கேட்டால் கிடைக்கும் என்பது மனத்தில் பதியப் பதிய, அழுகையும் அடமும் குறையலாம். சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' செயலி, தொட்ட படத்தைக் குரலாகவே ஒலிக்கச் செய்கிறது.

வாரம் ஒருநாள் பஸ் ஏறிப் போய்ப் பெறும் பயிற்சி, வீட்டிலும் தொடர்ந்தாலொழிய நிலைப்பதில்லை. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத பணியாளர்கள் பெற்றோருக்குக் கற்பித்த முறையினால், குழந்தைகள் பெற்றோரிடம் தாமாகவே தொடர்புகொள்வது அதிகரித்தது. நம் மாநிலத்திலும், ஆய்க்குடியில் 1981-ல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே சென்று பயிற்சி அளிக்கின்றனர்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் தன்னுள் அடக்கியிருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் 2005 முதல் இயங்குகிறது. சந்தேகம் எழுந்த பெற்றோர், அங்கன்வாடி ஊழியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ உடனே சொல்லி, மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்குக் குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டும். நான்கு வயது வரை காத்திருக்கலாகாது.