விருப்பாட்சியின் போர்

1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் திப்புவிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. பத்தாண்டுக்குள் அப்பகுதியிலுள்ள விருப்பாட்சியின் கோபால நாயக்கர் வாளெடுத்ததை, கிஸ்தி கட்ட மறுத்த ஒரு பாளையக்காரரின் கலகம் என்று சுருக்குபவர்கள் உண்டு. வரிச்சுமை உண்மைதான், தம் பாளையத்தைக் காக்கும் எண்ணமும் அவருக்கு இருந்திருக்கும். ஆனால் கிஸ்தி மட்டுமே காரணமென்றால், சிவகங்கையின் மருது சகோதரர்களோடும் கன்னட நாட்டில் போரிட்ட தூந்தாஜி வாக்கோடும் அவர் கைகோத்தது ஏன்? 1800 ஜூனில், தம் பாளையத்துக்கு வெளியே இருந்த கோவைக் கோட்டையைத் தாக்கக் கூட்டாகத் திட்டமிட்டது ஏன்? அந்தத் தாக்குதல் தோற்றது. பிடிபட்ட பலர் தூக்கிலிடப்பட்டார்கள். கும்பினியும் இந்த எழுச்சிகளைத் தனித்தனிக் கலகங்களாக நினைக்கவில்லை: 1801இல் விருப்பாட்சியை வீழ்த்தி, கோபால நாயக்கரைத் திண்டுக்கல்லில் தூக்கிலிட்டது, அதே ஆண்டு அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களையும் தூக்கிலிட்டது.