சேலையில் கறையா? கேமரா சென்சாரில் தூசியா?

காஞ்சிபுரத்துப் பட்டுச் சேலைகளைப் படமெடுத்து, வாட்ஸ் அப்பில் வெளியூருக்கு அனுப்பி விற்பவர்கள் இன்று பலர். வெளிர் நிறச் சேலையின் உடல் பகுதியில் மங்கலாக ஒரு சாம்பல் புள்ளி தெரிந்தால், வாங்குபவர் அதனைக் கறை என்றே எண்ணுவார். எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் புள்ளி இருந்தால், பழுது சேலையில் இல்லை, கேமராவில். லென்ஸை மாற்றிப் பார்த்தும் புள்ளி அங்கேயே இருந்தால், அது சென்சார் மீதுள்ள தூசி. (மொபைல் போன், சிறிய காம்பாக்ட் கேமராக்களைத் திறக்க முயற்சிக்க வேண்டாம். இங்கு கூறுவது லென்ஸ் கழற்றும் கேமராக்களுக்கு மட்டும்.)

சோதனை எளிது. அப்பர்ச்சரை எப்16, ஐ.எஸ்.ஓ.வை 100 என அமைத்து, போகஸை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரைப் படமெடுக்கவும். கம்ப்யூட்டரில் 100 சதவீத அளவில் பார்க்கவும். எப்2.8ல் தெரியாத தூசி இதில் தெரியும். ஜரிகை முழுவதும் தெளிவாக விழ அப்பர்ச்சரைச் சுருக்குகிறோம் அல்லவா? அதனால்தான் சேலைப் படங்களில் இந்தத் தொல்லை அதிகம். படத்தின் மேற்பகுதியில் உள்ள புள்ளி, முன்னிருந்து பார்க்கையில் சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். இடம், வலம் மாறாது.

முதலில் மெனுவில் உள்ள சென்சார் கிளீனிங்கை இயக்கவும். 2003ல் ஒலிம்பஸ் இ-1 கொண்டு வந்த இந்த அதிர்வு முறை, இப்போது பல கேமராக்களில் உள்ளது. போகவில்லையா? பேட்டரியை முழுமையாக சார்ஜ் செய்து, மேனுவல் கிளீனிங்கைத் தேர்ந்தெடுக்கவும். பல்ப் மோட் வேண்டாம். விரல் நழுவினால் ஷட்டர் மூடிவிடும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் புளோயரால் காற்றடிக்கவும். அதன் முனை உள்ளே நுழையக் கூடாது. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். கேன் காற்றில் திரவம் பீய்ச்சும். பட்டு மென்மைதானே என்று துண்டுத் துணியால் துடைப்பது அதைவிட மோசம். ஜரிகை இழை கீறிவிடும். தறி ஓடும் அறை, சாம்பிராணி போட்ட அறை இரண்டும் இதற்கு ஆகாது. மின்விசிறியையும் நிறுத்தவும்.

ஒட்டிக் கொண்ட தூசிக்கு, உங்கள் சென்சார் அளவுக்கான ஸ்வாப் வாங்கி, அதற்குரிய திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஒரே திசையில் ஒருமுறை இழுக்கவும். பின் மறுபக்கத்தால் ஒருமுறை. அதோடு அந்த ஸ்வாப்பை எறிந்துவிடவும். நீங்கள் துடைப்பது சென்சாருக்கு மேலுள்ள பில்டர் கண்ணாடியைத்தான் என்றாலும், அது கீறினால் செலவு பெரிது. கை நடுங்குபவர்கள் சர்வீஸ் சென்டரிடம் கொடுத்துவிடலாம்.

ஏற்கனவே எடுத்த படங்களுக்கு, இலவச ஜிம்ப் புரோகிராமில் ஹீல் டூல் உள்ளது. வெறும் உடல் பகுதியில் நன்றாக வேலை செய்யும். புட்டா மீது பயன்படுத்தினால் டிசைன் சிதையும். அந்தச் சேலையை மீண்டும் படமெடுப்பதே நல்லது.