கணக்கைப் பார்ப்பவரை யார் பார்ப்பது?

கணக்காய்வு நிறுவனமொன்றில் பயிற்சி பெறுகிறேன் என்று சொன்னால், எங்கள் சாகாமத்துப் பக்கத்தில் பலரும் கேட்பது ஒன்றுதான்: "கூட்டிக் கழித்துப் பார்க்கிற வேலைதானே மகள்?" கூட்டலையும் கழித்தலையும் கணினி செய்துவிடுகிறது. எழுதியிருப்பது உண்மையா என்று தேடுவதுதான் எங்கள் வேலை. நெல் ஆலையின் ஏட்டில் இத்தனை மூட்டை இருப்பு என்றிருந்தால், களஞ்சியத்துக்குப் போய் எண்ணிப் பார்க்க வேண்டும். வங்கியில் இவ்வளவு பணம் என்றிருந்தால், வங்கியிடமே கேட்க வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. வங்கிக்கு எழுதும் உறுதிப்படுத்தல் கடிதத்தில் கம்பனி ஒப்பமிடும். ஆனால் அதை அனுப்புவது நாங்கள். பதிலும் நேரே எங்கள் முகவரிக்கே வர வேண்டும். "நாங்களே வாங்கித் தருகிறோம், தங்கச்சி ஏன் அலைய வேண்டும்?" என்று கம்பனிக்காரர் அன்பாகச் சொன்னாலும் விடக்கூடாது. பெரும்பாலும் எங்களைப் போன்ற புதியவர்களிடம்தான் இந்த வேலை வரும். சின்ன வேலை என்று நினைப்பவர்கள் சத்யம் கதையைக் கேட்க வேண்டும்.

இந்தியாவின் ஹைதராபாத்தில் பெயர்பெற்ற கணினி மென்பொருள் கம்பனி சத்யம். 2009 ஜனவரி 7ஆம் திகதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்குகள் பொய் என்று கடிதம் எழுதினார். 2008 செப்டெம்பர் 30ஆம் திகதிய ஐந்தொகையில் காசும் வங்கி மீதியுமாகக் காட்டியிருந்தது 5,361 கோடி இந்திய ரூபாய். அதில் 5,040 கோடி இல்லாத பணம். அக்கணக்குகளில் ஒப்பமிட்டது உலகப் புகழ்பெற்ற பிரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்தியக் கிளை. சத்யத்தின் பங்குகள் நியூயோர்க்கிலும் விற்கப்பட்டதால் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழுவும் விசாரித்தது. வங்கிக் கடிதங்களை அனுப்புவதையும் பதில் பெறுவதையும் கணக்காய்வாளர்கள் சத்யத்தின் முகாமைத்துவத்திடமே விட்டிருந்தார்கள் என்பது தெரிய வந்தது. சத்யத்தில் மட்டுமல்ல, அந்த நிறுவனம் முழுவதிலுமே தரக்கட்டுப்பாடு தளர்ந்திருந்தது என்றும் ஆணைக்குழு கண்டது. 2011 ஏப்ரலில் ஆணைக்குழுவுக்கு 60 இலட்சம் டொலரும், அமெரிக்கக் கணக்காய்வு மேற்பார்வைச் சபைக்கு 15 இலட்சம் டொலரும் தண்டமாகக் கட்ட நேர்ந்தது.

அங்கே வேலை செய்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஆகவே ஆளின் திறமையை மட்டும் நம்ப முடியாது. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்க்க வேண்டும். நான் தயாரிக்கும் தாளை மூத்தவர் பார்ப்பார், அவருடையதை முகாமையாளர், பிறகு ஒப்பமிடும் பங்காளர். பங்குச் சந்தைக் கம்பனி என்றால், அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் அறிக்கை வெளியாகுமுன் மீளாய்வு செய்வார். முடிந்த கோப்புகளில் சிலவற்றை எடுத்து மறுபடி சோதிப்பதும் உண்டு. இலங்கையில் 1995ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த கணக்கீட்டு, கணக்காய்வு நியமங்கள் கண்காணிப்புச் சபை வெளியிலிருந்து பார்க்கிறது.

உறவு இன்னொரு சிக்கல். கம்பனியின் கணக்குப் பொறுப்பில் நெருங்கிய உறவினர் இருந்தால், அந்தக் கணக்காய்வுக் குழுவில் நாம் இருக்கக் கூடாது. எங்கள் ஊர்களில் மூன்றாம் வீட்டுக்காரரும் மச்சான் முறையாகத்தான் இருப்பார். அதனால் முதலிலேயே எழுத்தில் கேட்டுவிடுவார்கள். அது அவமதிப்பல்ல.

இத்துறைக்கு மகளை அனுப்ப யோசிக்கும் உம்மா வாப்பாமாருக்கு ஒன்று சொல்லலாம். மார்ச் 31 கழிந்து வரும் மாதங்களில் வேலை நெருக்கும், வீடு வரத் தாமதமாகும். நல்ல நிறுவனமா என்று அறிய, கட்டிடத்தைப் பார்ப்பதைவிட, பயிற்சி மாணவி ஒரு சந்தேகத்தை எழுதினால் அதற்கு என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள். ஒழுங்கான இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் பங்காளர் ஒப்பமிட மாட்டார். அறிக்கைத் திகதியிலிருந்து வழமையாக 60 நாட்களுக்குள் கோப்பு கட்டி முடிக்கப்படும். அதன்பின் குறைந்தது 5 வருடங்களுக்கு, புதிதாகச் சேர்ந்த பிள்ளை எழுதிய தாளைக்கூட யாரும் அதிலிருந்து எடுத்தெறிய முடியாது.