பூனைக்குட்டிக்குக் கலங்கிய மனசு

ஆறு வயதுச் சிறுவன் ஒருவன், பண்ணையில் ஒருவர் பூனைக்குட்டிகளை வாளித் தண்ணீரில் அமுக்கிக் கொல்வதை முதன்முறையாகப் பார்க்கிறான். குப்பைமேட்டில் எறியப்பட்ட அந்தக் குட்டிகளை நினைத்து நாள்கணக்கில் கலங்குகிறான். பிறகு எலி, முயல், காக்கை, கிழட்டுக்கோழி என ஒவ்வொரு சாவாகப் பார்க்கிறான். வளர்ந்த பின் நாய்க்குட்டிகளை மூழ்கடிக்கும்போதுகூட அவன் அலட்டிக்கொள்வதில்லை. ‘பாவம், கொடுமை என்பதெல்லாம் டவுனுக்குச் சரி, பண்ணைக்கு ஒத்துவராது’ என்ற நினைப்பு வந்துவிடுகிறது.

ஷேமஸ் ஹீனி எழுதிய ‘தி எர்லி பர்ஜஸ்’ கவிதையின் கதை இது. வடக்கு அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் 1939-ல் பிறந்து, 1995-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் ஹீனி. 1966-ல் வெளியான ‘டெத் ஆஃப் எ நேச்சுரலிஸ்ட்’ தொகுப்பில் இந்தக் கவிதை இருக்கிறது.

இது பக்குவமா, மரத்துப்போன மனசா? கவிதை தீர்ப்புச் சொல்வதில்லை. ஆனால், மனசு முழுதாக மரத்திருந்தால் அந்த வாளி இத்தனை வருஷம் நினைவில் இருக்குமா?

அதே 1966-ல் திருச்செங்கோடு பக்கம் பிறந்தவர் எழுத்தாளர் பெருமாள்முருகன். கொங்கு மண்ணின் ஆடுமாடுகளை நன்கு அறிந்தவர். 2016-ல் வெளியான அவருடைய ‘பூனாச்சி’ நாவலின் முன்னுரையில், நாயும் பூனையும் கவிதைக்கு உரியவை என்று ஒதுக்கிவிட்டு ஆட்டைக் கதைக்கு எடுத்துக்கொள்கிறார். வறண்ட காட்டில் ஒரு கிழவி, கருத்த வெள்ளாட்டுக்குட்டியைப் பெற்ற பிள்ளைபோல வளர்க்கிறாள். அது ஈன்ற குட்டிகள் விலைக்கும் போகின்றன. அவள் பாசம் பொய்யில்லை, வயிற்றுப்பாடும் பொய்யில்லை. ஆடு வளர்க்கும் வீடுகளில் இந்த இரண்டும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

பக்கத்திலேயே நாமக்கல் முட்டைப்பண்ணைகள். அங்கே முட்டையிடுவது குறைந்ததும், ஏறக்குறைய ஒன்றரை வயதில், கோழிகள் கறிக்குப் போய்விடும். ஆயிரக்கணக்கில் அடைந்திருக்கும் கோழிகளில் எதற்கென்று பெயர் வைப்பது, எதற்கென்று அழுவது?

சேலம் அஸ்தம்பட்டியில் வளரும் குழந்தைக்கு முட்டை அட்டையில் வருகிறது, கறி பையில் வருகிறது. பண்ணைச் சிறுவனின் மனசு பார்த்துப் பார்த்து இறுகியது. நம் பிள்ளைகளுக்கோ பார்க்கவே வாய்ப்பில்லை. “ஆட்டுக்கு வலிக்காதாம்மா?” என்று அவர்கள் கேட்டால் பேச்சை மாற்ற வேண்டாம். “வலிக்கும் கண்ணு” என்று உண்மையைச் சொல்லலாம். தட்டில் இருப்பதை வீணாக்கக்கூடாது என்பதை அதற்குமேல் விளக்கவே வேண்டியிருக்காது.