என்பின் இறப்பும் குடிவழியும்

என்பு என்றதும் கல்லைப்போல உயிரற்ற ஒரு பொருளையே நம்மிற் பலர் எண்ணிக்கொள்கின்றோம். உண்மை அஃதன்று. என்பினுள்ளும் உயிருள்ள கலங்கள் இருக்கின்றன. குருதியோட்டம் தடைப்பட்டால் அவை இறந்துபடும்.

இவ்வாறான இறப்பு பெரும்பாலும் நேருமிடம் தொடையென்பின் தலையாகும். இடுப்புக் குழியிலே பந்துபோலப் பொருந்தி உடற்பாரத்தைத் தாங்குவது அது. சுமையோ பெரிது, அதற்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளோ சிறியன. அவை அடைபடின், உருண்டையான அத்தலை நாளடைவில் வலுவிழந்து தட்டையாகச் சரிந்துவிடும்.

தொடையென்பின் கழுத்து முறிதல், ஸ்டீரொயிட் மருந்துகளை மிகுந்த அளவில் உட்கொள்ளல், மிதமிஞ்சிய மதுபானம் என்பன இதற்கு நன்கறிந்த காரணங்கள். ஆயினும் ஒரே மருந்தை உண்ட இருவருள் ஒருவர் நோயுற மற்றவர் தப்புவதேன்? இங்கேதான் குடிவழியையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கின்றது.

அரிவாட்கல நோயை எடுத்துக்கொள்வோம். 1910ஆம் ஆண்டிற் சிக்காகோவில் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் வைத்தியர் இதனை விவரித்தார். இந்நோயில் ஈமோகுளோபினில் உண்டாகும் ஒரு சிறு மாற்றத்தால் செங்குருதிக் கலங்கள் அரிவாள்போல வளைந்து, நுண்ணிய குழாய்களை அடைத்துவிடுகின்றன. இளவயதினரிலேயே இடுப்பென்பு இறப்பதற்கு இஃதொரு காரணம். தென்னிந்திய நீலகிரி மலைவாழ் மக்களிடையே இவ்வியல்பு காணப்படுதல் 1952இல் வெளியாயிற்று. தாய், தந்தை இருவரும் இவ்வியல்பை மறைவாகச் சுமப்பின், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

மற்றொன்று தாய்வானிலே கண்டது. சில குடும்பங்களில் இடுப்பென்பு இறப்புத் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. கொலாசன் என்னும் புரதத்தின் ஒரு வகையை ஆக்கும் பரம்பரையலகிலுள்ள பிழையே காரணமென 2005இல் ஆய்வாளர் அறிவித்தனர். இங்கே பெற்றோருள் ஒருவரிடம் அப்பிழை இருந்தாலே, பிள்ளை அதனைப் பெறும் வாய்ப்புப் பாதியாகும். குருதி எளிதில் உறையும் பரம்பரை இயல்பு பற்றியோ ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை.

நேயர்களே, குடிவழி என்பது தலைவிதியன்று. வித்து இருப்பினும் அது முளைப்பதற்கு நிலமும் நீரும் வேண்டுமல்லவா? ஆபத்து உண்டென அறிந்தவர் மதுவை விலக்கலாம். ஸ்டீரொயிட் மருந்து பற்றி வைத்தியரைக் கலந்துகொள்ளலாம். ஆனால், அவராகக் கேளாது அம்மருந்தை நிறுத்துதல் ஆகாது.

முழங்கால் நோகின்றதென்று விளையாட்டுக்கு வராத மாணவன் ஒருவனை முன்பு நான் சோம்பேறியெனக் கடிந்ததுண்டு. அவனுடைய நோய் இடுப்பிலே இருந்ததென்பதைப் பின்னரே அறிந்தேன். இடுப்பின் நோவு கவட்டிலும் தொடையிலும் முழங்காலிலும் தோன்றக்கூடும். தொடக்கத்தில் எக்ஸ்கதிர்ப் படம் குறையொன்றுங் காட்டாதிருக்கலாம், எம்.ஆர்.ஐ. படம் காட்டிக்கொடுக்கும். என்பு சரியுமுன் அறிந்தால் அதனைக் காக்க முயலலாம். சரிந்தபின் செயற்கை மூட்டே பெரும்பாலும் வழியாகும்.

திருமணப் பேச்சுக்கு இடையூறாகுமென அஞ்சிக் குடும்ப நோயை மறைப்பார் நம்மிடையே உளர். ஊராருக்கு மறைப்பினும் வைத்தியருக்கு மறைத்தலாகாது. பாட்டனார் நொண்டி நடந்த கதை, பேரனின் காலைக் காக்கக்கூடும்.