'நைஸ்' – ஒரு சொல்லின் கதை

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

சென்ற பருவத்தில் ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் பொட்டாஷ் படிகாரம் தயாரித்தோம். பொட்டாசியம் சல்பேட்டையும் அலுமினியம் சல்பேட்டையும் வெந்நீரில் கரைத்து, கரைசலைச் சுண்டவைத்து ஆறவிட்டால் படிகங்கள் இறங்கும். எனக்கும் இறங்கின. அந்த மகிழ்ச்சியில் என் ரெக்கார்டு நோட்டில், 'நைஸ் கிரிஸ்டல்ஸ் வேர் அப்டெய்ன்ட்' என்று எழுதி வைத்தேன். ஆசிரியர் 'நைஸ்' என்ற சொல்லைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்தில் 'எப்படி நைஸ்?' என்று தமிழிலேயே எழுதித் திருப்பித் தந்துவிட்டார்.

எனக்குச் சற்று வருத்தந்தான். இலக்கணப் பிழை இல்லை. எழுத்துப் பிழையும் இல்லை. பின் ஏன் இந்த வட்டம்? அமர்ந்து யோசித்தேன். படிகங்களின் நிறம் என்ன? ஒளி ஊடுருவுமா? வடிவம் யாது? என் சொல் இவற்றுள் ஒன்றுக்கும் விடை தரவில்லை. 'கலர்லெஸ், ட்ரான்ஸ்பேரன்ட், ஆக்டஹெட்ரல்' என்று திருத்தினேன். நிறமற்றவை, ஒளி ஊடுருவுபவை, எண்முக வடிவின என்பது பொருள். அப்போதுதான் ஒன்று விளங்கிற்று. அம்மூன்று சொற்களும் நான் தயாரித்தது படிகாரமே என்பதற்குச் சாட்சி சொல்கின்றன. 'நைஸ்' என்பதோ நான் மகிழ்ந்தேன் என்பதற்கு மட்டுமே சாட்சி. அன்று முதல் அச்சொல்லின் மேல் எனக்கு ஓர் ஆராய்ச்சி பிறந்தது. என் சிற்றறிவுக்கு எட்டியதை இங்கே நண்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

சொல் வந்த வழி

மனிதர்களைப் போலவே சொற்களுக்கும் வரலாறு உண்டு. 'நைஸ்' என்பதன் மூலம் லத்தீன் மொழியின் 'நெஸ்கியஸ்'. அதற்கு 'அறியாதவன்' என்று பொருள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஏறத்தாழ 1300ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்துள் நுழைந்தபோது 'மூடத்தனமான' என்னும் பொருளையே தாங்கி வந்தது. அக்காலத்தில் ஒருவரை 'நைஸ்' என்றிருந்தால் அவர் சண்டைக்கு வந்திருப்பார்!

பின்னர் அச்சொல் மெல்ல மெல்லப் பொருள் மாறியது. 'எதிலும் குறை காண்பவர்' என்றாகி, 16ஆம் நூற்றாண்டில் 'நுணுக்கமான', 'துல்லியமான' என்னும் பொருளைப் பெற்றது. இரு கருத்துகளுக்கிடையே உள்ள நுண்ணிய வேறுபாட்டை 'நைஸ் டிஸ்டிங்ஷன்' என்று கூறும் வழக்கு இன்றும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில்தான் 'இனிய' என்னும் பொருள் வந்தது. வந்த பின் அது எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது.

இந்தப் பழக்கத்தைக் கேலி செய்தவருள் நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் முக்கியமானவர். அவர் மறைந்த பின் 1817 டிசம்பரில் வெளிவந்த 'நார்த்தாங்கர் அபி' என்னும் நாவலில், கேத்தரின் என்ற இளம்பெண் தான் படித்த கதைப்புத்தகத்தை 'நைஸ்' என்று புகழ்கிறாள். ஹென்றி டில்னி என்பவன், புத்தகத்தின் பைண்டிங் நேர்த்தியைத்தான் அவள் சொல்கிறாளோ என்ற பாவனையில் அவளைச் சீண்டுகிறான். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஹென்றி கேட்டதும் என் ஆசிரியர் சிவப்புப் பென்சிலால் கேட்டதும் ஒரே கேள்விதான்.

ஒரு காலத்தில் துல்லியத்தைக் குறித்த சொல், இன்று துல்லியமே இல்லாத சொல்லாகிவிட்டது! இது வியப்பன்றோ?

நாம் ஏன் அதை விடுவதில்லை?

இதைச் சோம்பல் என்று சிலர் கூறுவர். நான் அப்படி நினைக்கவில்லை. பள்ளிப்படிப்பைத் தமிழ்வழியில் முடித்து, வீட்டில் ஆங்கிலம் கேட்டே அறியாமல் இங்கு வந்து சேர்ந்தவர்கள் நம்மில் பலர். நானும் அவர்களுள் ஒருவன். நமக்கு ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் தெரியாத ஆற்றில் எடுத்து வைக்கும் அடி. 'நைஸ்' என்பது காலுக்குப் பழகிய படித்துறை. அங்கே நின்றால் வழுக்காது; யாரும் சிரிக்க மாட்டார்கள். ஆகவே பேச்சாளர் 'நைஸ்', தேநீர் 'நைஸ்', தேர்வுத்தாளும் 'நைஸ்' என்று அங்கேயே நின்றுவிடுகிறோம். ஆனால் படித்துறையில் நின்றவன் ஆற்றைக் கடந்ததில்லை.

எதை எங்கே சொல்வது?

மாற்றுச் சொல் தேட எளிய வழி ஒன்றைக் கண்டேன். 'நைஸ்' என்று எழுத வரும்போது, 'எதனால் எனக்குப் பிடித்தது?' என்று தமிழில் என்னையே கேட்டுக்கொள்வேன். விடை கிடைத்த பின்பே ஆங்கிலச் சொல்லைத் தேடுவேன்.

மனிதரைப் பற்றியதாயின், இரக்கமுள்ளவர் 'கைண்ட்'. பிறர் வசதியை எண்ணிப் பார்ப்பவர் 'கன்சிடரேட்'. மரியாதையாகப் பேசுபவர் 'பொலைட்'. மூன்றும் ஒன்றல்ல. மரியாதையாகப் பேசுபவர் எல்லாரும் இரக்கமுள்ளவர் அல்லர் என்பதைப் பேருந்து நிலையத்திலேயே காணலாம்.

சொற்பொழிவு தெளிவாக இருந்தால் 'லூசிட்'. உள்ளத்தை உருக்கினால் 'மூவிங்'. பயன் தந்தால் 'யூஸ்ஃபுல்'. வெயில் கடுமையின்றி இருந்தால் 'மைல்ட்'. மேகமற்ற வானம் 'கிளியர்'. உணவு சுவைத்தால் 'டெலிஷியஸ்'.

ஆய்வுக்கூடத்தில் இது இன்னும் முக்கியம். பருமனறி பகுப்பாய்வில் பியூரெட் அளவுகள் அடுத்தடுத்து ஒத்து வந்தால் அவை 'கன்கார்டன்ட்'. தூள் மிக நுண்ணியதாயின் 'ஃபைன்'. திரும்பத் திரும்ப அளந்தும் ஒன்றையொன்று நெருங்கியே வந்தால் அளவீடு 'ப்ரிசைஸ்'; உண்மை மதிப்பை நெருங்கினால் 'அக்யுரேட்'. கருவியில் கோளாறு இருந்தால் முன்னது இருந்தும் பின்னது இல்லாமற்போகும். இந்த வேறுபாடு தெரியாதவன் தன் சோதனையின் குறையையே அறிய மாட்டான்.

ஓர் எச்சரிக்கை

மாற்றுச் சொற்களைத் தேட உதவும் நூல் 'தெசாரஸ்'. 'கருவூலம்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1852இல் அதை வெளியிட்ட பீட்டர் மார்க் ரோஜெட் ஒரு மருத்துவர். கணக்கிட உதவும் ஸ்லைடு ரூல் கருவியில் புதுவகை அளவுகோலை அமைத்தவரும் அவரே. ஓர் அறிவியலார், உயிரினங்களை வகைப்படுத்துவது போலச் சொற்களையும் பொருள்வாரியாக 1000 தலைப்புகளில் வகைப்படுத்தினார் என்பது நம்மைப் போன்ற மாணவர்க்குப் பெருமை. சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுக்கும் முறை தமிழருக்குப் புதிதன்று. அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே திவாகரமும் பிங்கலமும் அவ்வாறு சொற்களைத் தொகுத்துவிட்டன.

ஆனால் ஒரே தலைப்பின்கீழ் நிற்பதால் சொற்கள் ஒன்றாகிவிடா. இதை நான் அவமானப்பட்டே கற்றேன். முதலாண்டில் ஒரு மன்றக் கூட்டத்தில் நன்றியுரை கூறுகையில், சிறப்பு விருந்தினரின் கள்ளமற்ற சிரிப்பைப் புகழ எண்ணி 'சைல்டிஷ்' என்றேன். அரங்கம் சிரித்தது. குழந்தை போன்ற தூய்மைக்கு 'சைல்ட்லைக்' என்றும், சிறுபிள்ளைத்தனத்திற்கு 'சைல்டிஷ்' என்றும் சொல்ல வேண்டும். அதுபோலவே சிக்கனக்காரர் 'த்ரிஃப்டி', கஞ்சர் 'ஸ்டிஞ்சி'. எனவே புதுச்சொல்லை அகராதியில் பொருள் பார்த்து, ஒரு வாக்கியத்திலாவது அது வழங்கும் விதம் கண்ட பின்பே கையாள வேண்டும். அந்த விருந்தினரும் சிரித்தார் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் 'கைண்ட்' என்பதில் எனக்கு ஐயமில்லை.

நிறைவாக

விடுமுறையில் வீட்டில் இருந்தபோது அம்மா ஆட்டுக்கல்லில் மாவு அரைத்துக்கொண்டிருந்தார். விரலிடையில் மாவை எடுத்துத் தேய்த்துப் பார்த்து, "இன்னும் நறநறன்னு இருக்கு, தோசைக்கு நைஸா அரைக்கணும்" என்றார். நான் திடுக்கிட்டேன். பள்ளிக்கூடம் போகாத என் அம்மா அச்சொல்லை எவ்வளவு துல்லியமாகக் கையாள்கிறார்! இட்லிக்கு அரிசி ரவைப் பதம், தோசைக்கு நைஸ், துவையலுக்குக் கொரகொரப்பு. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அவர் ஒருநாளும் சொல்லமாட்டார்.

துல்லியமாகப் பேசுவது நமக்குப் புதிதாக வரவேண்டிய பழக்கமன்று; நம் வீட்டில் இருப்பதுதான். அதை ஆங்கிலத்திற்கும் எடுத்துச் செல்வதே நம் வேலை. வாரம் ஒரு சொல் என்று கற்றாலும் மூன்றாண்டுகளில் நூற்றைம்பது சொற்கள் நம் கைவசமாகும். அடுத்த முறை பேனா 'நைஸ்' என்று எழுதப் போகும்போது, அந்தச் சிவப்புப் பென்சில் வட்டத்தை நீங்களும் ஒருகணம் நினைத்துக்கொள்ளுங்கள். எப்படி நைஸ்?